பத்துத்தலைக் காசு

திரையில் இலங்கை எரிகிறது. “தண்ணி கொண்டாடா!” என்று கோமாளி உச்சிக்குடும்பன் பதறுகிறான். கூட்டாளிக் கோமாளி உளுவத்தலையன் அசையவில்லை. “மேட்டூரத்தான் தை மாசமே மூடிட்டாங்களே! இனிமே சூன் பன்னண்டுதான்.” சம்பா அறுத்து முடிந்த மாசியில், மன்னார்குடிப் பக்கம் ஒரு களத்துமேட்டில், சிறுவனாக நான் பார்த்த தோல்பாவைக்கூத்து அது. கூட்டம் அடங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ராமனும் பொறுமையாகக் காத்திருந்தான்.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி ஏற்பட்ட 17ஆம் நூற்றாண்டையொட்டி, மராட்டி பேசும் மண்டிகர் குடும்பங்களோடு வந்ததாகச் சொல்லப்படும் கலை இது. ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயமேற்றிய உருவங்கள், முன்னால் வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு. ராமன், ராவணன், இரண்டு கோமாளிகள் எல்லாருக்கும் ஒரே குரல்காரர். கார்ட்டூனுக்கு நம்மூர்ப் பாட்டன் என்று இதைத் தயங்காமல் சொல்வேன். கதைக்குள் அன்றன்றைய செய்தியைச் செருகும் பழக்கம் இருவருக்கும் உண்டு.

அப்படிச் செருகும் சிரிப்புக்கு ஆயுசு குறைவு. மேட்டூர் அணையை வைத்த கிண்டல் நாகர்கோவிலில் எடுபடாது. ஆனால் கூத்துக்காரர் அங்கே பேச்சிப்பாறை என்று மாற்றிப் பேசிவிட்டுப் போவார். படச்சுருளுக்கு அந்த வசதி இல்லை. 1943இல் வந்த பக்ஸ் பன்னி படம் ‘ஃபாலிங் ஹேர்’. தலைகுப்புற விழும் விமானம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்துபோச்சாம்; ‘ஏ’ கார்டு என்றால் அப்படித்தானாம். போர்க்கால அமெரிக்காவில் ‘ஏ’ அட்டைக்காரருக்குத்தான் ஆகக் குறைந்த பெட்ரோல். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது அந்நியமில்லை. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டாலும் விமானம் நின்ற அழகுக்கே சிரிப்பு வரும். அதனால் அந்தக் காட்சி பிழைத்தது. ஆனால் ‘ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் நடிகை ஆன்-மார்கரெட், ஆன்-மார்க்ராக் ஆகிறார். நடிகையை அறியாத பிள்ளைக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

காலாவதியாவதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. செய்திக் கிண்டல் துணிச்சல்போலத் தெரியும். பல நேரம் பத்திரமான இடம் பார்த்தே அடிக்கும். அன்று டெல்லியையும் சென்னையையும் வாரிய கோமாளி, முன்வரிசை நாற்காலியில் இருந்த மிராசுதாரைத் தொடவில்லை. கூத்துச் செலவு அவருடையது. தொட்டதெல்லாம் திக்குவாய்க்காரனை, கறுத்த பெண்ணை, மாமியாரை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் அதே இரவில் வேறொன்றும் நடந்தது. தீயணைத்த கூலியாகக் கோமாளிகளுக்கு ராவணன் ஒரு காசு கொடுக்கிறான்.

“என்ன காசுடா இது?”

“இலங்கைக் காசு. பேரு பத்துத்தலை.”

“சுண்டிப் பாப்பமா? பூவா, தலையா?”

“இதுல பூவே கிடையாது. எப்படி விழுந்தாலும் ராசா தலைதான்!”

வராகன், சக்கரம், பணம் என்று பல நாணயங்கள் புழங்கிய சீமை எங்களுடையது. அதில் இந்தப் பொய்க்காசு எந்தச் செய்தித்தாளையும் நம்பி நிற்கவில்லை; யார் பெயரையும் சொல்லவுமில்லை. கார்ல் பார்க்ஸ் 1954இல் வரைந்த ஸ்குரூஜ் மாமா கதையிலும் இதே வித்தை. பணமே அறியாத ட்ராலா லா பள்ளத்தாக்கில், ஸ்குரூஜ் வீசிய பாட்டில் மூடி நாணயமாகி, ஊரையே பேராசை பிடித்தாட்டுகிறது. சோடா மூடி சேர்த்து விளையாடிய எந்தப் பையனுக்கும் அதற்கு உரை வேண்டாம். பின்னாளில் ‘டக்டேல்ஸ்’ தொடரிலும் அது வந்தது. விலைவாசியை வைத்த கிண்டல் விலையோடு மாறிப்போகும். இல்லாத நாணயத்துக்கு விலையேற்றம் ஏது?

கற்பனைக் காசிலும் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. ‘நான் இலங்கையைத்தானே சொன்னேன்’ என்று கூத்துக்காரர் கைவிரிக்கலாம். மிராசுதாரும் வாய்விட்டுச் சிரித்தார். தன்னைச் சொன்னதாக அவருக்குப் படவில்லை. இது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்று கேட்டால், சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

மறு வாரம் களத்தில் கூலி நெல் அளந்தார்கள். கணக்குப்பிள்ளை மரக்காலைத் தளர்வாக நிரப்பி, வாயை உள்ளங்கையால் குழிய வழித்துக் கொட்டினார். மடியை ஏந்தி நின்ற அம்மாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: “பத்துத்தலை விழுது பாரு.”