மேலெழுதப்பட்ட மூலம்: இணையத்தொடர்பற்ற கணினியில் 'கிரிக்கெட் 07' மாற்றத்தொகுப்புகள் – ஒரு பாடத்திறனாய்வு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

2006 நவம்பரில் வெளிவந்த 'கிரிக்கெட் 07' என்னும் கணினி விளையாட்டு, வாங்கியவர்களின் கையில் ஓயாது திருத்தப்பட்டு வந்த ஒரு பனுவல். விளையாடுவோர் 'பேட்ச்' என்றும் 'மாட்' என்றும் வழங்கும் மாற்றத்தொகுப்புகள், இணையத்தொடர்பற்ற கணினிகளில் கைமாற்றாகப் பரவி நிறுவப்பட்ட முறையை இக்கட்டுரை தமிழ்ப் பாடத்திறனாய்வின் கலைச்சொற்களைக் கொண்டு ஆராய்கிறது. ஆய்வுக்குரிய பொருள் வெளியிடப்பட்ட தொகுப்பு அன்று, ஒரு கணினியில் நிறுவப்பட்டு நிற்கும் படியே என்பது இதன் கருதுகோள். தேனி மாவட்டத்துத் தேவாரம் இவ்வகை வாசிப்புச் சூழலுக்கு மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, மாற்றத்தொகுப்பு, பாடவேறுபாடு, இடைச்செருகல், வழிநூல், விலையில்லா மடிக்கணினி, தேவாரம்.

முன்னுரை

தமிழாய்வுப் புலத்தில் கணினி விளையாட்டு பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது. ஒன்று, இளையோரின் பொழுதைத் தின்னும் தீங்கு என்னும் கவலை. மற்றொன்று, தமிழ் கற்பிக்கும் கருவியாக அதனைப் பயன்கொள்ளலாம் என்னும் பரிந்துரை. விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு, அதனைக் கையாண்டவர்கள் அதில் எதைத் திருத்தினார்கள், எதைத் திருத்த முடியாமல் விட்டார்கள் எனக் கேட்கும் திறனாய்வு அருகியே காணப்படுகிறது.

இக்கேள்விக்கு வேண்டிய கருவிகள் தமிழில் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று பின்னோன் வேண்டிய வேறுபாட்டைச் சொல்வது வழிநூல். பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டுக் கண்ட பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகிய கருத்தாக்கங்களும் நம்மிடம் உள்ளன. இவற்றை ஓலைக்கு மட்டுமே உரியனவாக வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

களமும் கருவியும்

தேவாரம், உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. போடிநாயக்கனூரிலிருந்து உத்தமபாளையம் செல்லும் வழியில், பண்ணைப்புரத்துக்கும் கோம்பைக்கும் முன்னால் வருகிறது. இக்கட்டுரை அவ்வூரைப் புள்ளிவிவரக் களமாகக் கொள்ளவில்லை. பெருநகரத்துக் கடையிலிருந்தும் அகலக்கற்றையிலிருந்தும் தொலைவில், கணினி மட்டும் வந்துசேர்ந்த ஊர்களின் நிலைக்கு அது பொருத்தமான எடுத்துக்காட்டு. மீட்டர்பாதையில் ஓடிய மதுரை–போடி தொடர்வண்டி 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையில் போடியை மீண்டும் எட்டியது 2023 ஜூனில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பகுதிக்கு வந்தவை எல்லாம் சாலை வழியே வந்தன, டிவிடிகளும் அவ்வாறே.

அவ்விடைக்காலத்தில்தான் கணினி வீட்டுக்குள் நுழைந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவரையும் கல்லூரி மாணவரையும் கருதியது. அரசு தந்தது கணினியை, இணையத்தை அன்று. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் கடந்த மின்வெட்டு நிலவியபோது, மின்கலத்தால் இயங்கும் இக்கருவியின் பயன் கூடியது. 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை, இத்தகைய ஊர்களில் பெரும்பாலான மாணவர்க்குக் கோப்பு என்பது பென்டிரைவில் வருவது.

இக்கருவிக்கும் 'கிரிக்கெட் 07' விளையாட்டுக்கும் இருந்த பொருத்தம் கருதத்தக்கது. கனடாவின் எச்.பி. ஸ்டூடியோஸ் உருவாக்கி இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட இவ்விளையாட்டு ஒரு டிவிடியில் அடங்கும். தனி வரைகலை அட்டை இல்லாத எளிய கணினியிலும் ஓடும். எந்நிலையிலும் இணையத்தைக் கேட்காது. 2014இல் கணினிக்கு வந்த 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14' வரைகலையில் முன்னேறியது. விளையாடுவோர் ஆக்கிய வீரர்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதியையும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆனால் ஸ்டீம் கணக்கில் இணையவழிப் பதிவு செய்யாமல் அதனைத் தொடங்க இயலாது. திருத்தும் உரிமையை அதிகாரப்பூர்வமாகத் தந்த விளையாட்டு தொடர்பற்றவர்க்கு மூடிக்கிடந்தது. அவ்வுரிமையை எங்கும் தராத பழைய விளையாட்டு திறந்துகிடந்தது. எட்டாண்டுப் பழமையான ஒன்று புதியதை எதிர்த்து நின்றதற்கு ஏழ்மை மட்டுமே காரணம் என்பது அரைகுறை விளக்கம்.

புழக்கத்தில் இருந்த படிகளுள் மிகப்பல உரிமம் பெறாத நகல்கள் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு படி எவ்வழியில் வந்தது என்பதும் அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள். திறனாய்வு இரண்டாவதற்கு உரியது.

பெயர்த்திருத்தமும் மேலெழுதலும்

'கிரிக்கெட் 07' ஆஷஸ் தொடரை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. இந்திய வீரர்களின் பெயருரிமை பெறப்படாமையால் அவர்கள் திரிந்த பெயர்களோடு களமிறங்கினர். எனவே இங்கு முதல் மாற்றம் அலங்காரமாகத் தோன்றவில்லை, பிழைதிருத்தமாகத் தோன்றியது. வீரர் பட்டியல் 'ரோஸ்டர்' எனப்படும் தனிக்கோப்பில் இருந்தது. அக்கோப்பைத் திருத்திப் பெயரை மீட்டவர் செய்தது பதிப்பாசிரியர் செய்யும் பாடத்திருத்தமே. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே வழு ஏடெழுதியவனின் கைப்பிழையால் வரவில்லை, உரிமச் சட்டத்தால் வந்தது.

நிறுவும் முறையை அறியாமல் இதன் இயல்பை விளங்கிக்கொள்ள முடியாது. இணையம் உள்ள ஓரிடத்தில், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலோ கல்லூரி விடுதியிலோ, சுருக்கப்பட்ட கோப்பாக மாற்றத்தொகுப்பு இறக்கப்படுகிறது. பென்டிரைவில் ஊர் வந்து, வின்ரார் கொண்டு விரிக்கப்படுகிறது. சீருடை, முகம், மட்டை, மைதானம் ஆகியவற்றின் படக்கோப்புகள் விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறைக்குள் இடப்படுகின்றன. 'இப்பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது, மாற்றவா?' எனக் கணினி கேட்கிறது. 'ஆம்' என்றதும் பழையது போயிற்று. வீரர் பட்டியல் மட்டும் பயனரின் ஆவணக் கோப்புறைக்குச் சென்று, விளையாட்டுக்குள்ளிருந்து ஏற்றப்படுகிறது. எச்சரிக்கையுடையவர் முதலிலேயே கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பார். இணையம் உள்ளவர்க்கு இது விருப்பம். இல்லாதவர்க்கு இதுவே மூலத்தின் ஒரே காப்பு. ஒரு கோப்பு பழுதானால் மீண்டும் இறக்கிக்கொள்ள வழியில்லை. ஓலைக்குச் செல் போலப் பென்டிரைவுக்கு வைரஸ் வாய்த்திருந்தது என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம்.

இவ்விடத்தில் வேறொரு மரபோடு ஒப்பிடுவது பயன்தரும். இட் சாஃப்ட்வேர் 1993இல் வெளியிட்ட 'டூம்' விளையாட்டில் நிரலும் தரவும் பிரித்து வைக்கப்பட்டன. பிறர் ஆக்கிய தரவுக்கோப்பை மூலக்கோப்பின் அருகே வைத்து ஏற்றினால் போதும். மூலம் தொடப்படாமல் இருக்கும். கோப்பை நீக்கினால் பழைய விளையாட்டு அப்படியே திரும்பும். மூலத்தைத் தனியே நிறுத்தி அதன்கீழ் விளக்கம் எழுதும் உரையாசிரியர் நெறிக்கு இது நெருக்கமானது. 'கிரிக்கெட் 07' அவ்வாறு கட்டப்படவில்லை. அதில் புதிய அணிக்கு இடமில்லை. உள்ள அணியின் மேல்தான் எழுத வேண்டும். 2008 ஏப்ரலில் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியை 2006இன் விளையாட்டுக்குள் கொண்டுவந்த தொகுப்புகள், ஆங்கிலக் கவுண்டிகளுக்கோ ஆஸ்திரேலிய மாநிலங்களுக்கோ உரிய இடங்களில் இந்திய நகரங்களைக் குடியேற்றின. சென்னை அணி மஞ்சள் உடுத்து ஆடும்போது, நிரலின் அடியில் அது வேறோர் அணியின் எண்ணைத்தான் சுமந்திருக்கிறது. இது உரை அன்று, இடைச்செருகல்.

தமிழ்ப் பதிப்புலகில் இடைச்செருகல் என்பது பழிச்சொல். மூலத்தை மீட்க விரும்புபவர் அதனைக் களைய வேண்டும். இங்கு அம்மதிப்பீடு தலைகீழாகிறது. களைந்தால் கிடைக்கும் 'தூய மூலம்' இந்திய வீரனின் பெயரைத் திரித்துச் சொன்ன, தமிழ்நாட்டு வாசகனைக் கருதாத பனுவல். செருகப்பட்ட பகுதிதான் அவ்வாசகனுக்குரியது. வழிநூல் என்னும் சொல் பொருந்துமா என்பது இதனால் சிக்கலாகிறது. வெளியிடப்பட்ட நிலையில் மாற்றத்தொகுப்பு வழிநூல்; மூலத்தின் விதியோடு ஒத்துநின்று வேண்டிய வேறுபாட்டைச் சொல்கிறது. ஆனால் நிறுவிய கணத்தில் அது முதல்நூலை அழித்து அதன் பெயரில் அமர்ந்துகொள்கிறது. வழிநூல் எழுதப்பட்டால் முதல்நூல் கெடும் என்னும் நிலையை இலக்கண நூலார் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

மாறாத குரல்

பெயர், முகம், சட்டை, மைதானம், தகவல் பலகை என ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட இப்பனுவலில், பெரும்பாலான தொகுப்புகள் தொடாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அது வருணனை. மார்க் நிக்கோலஸ், ரிச்சி பெனோ ஆகிய இருவரின் குரல்களே மூலத்தில் பதிவாயின. படக்கோப்பைத் திருத்த ஒரு வரைகலை மென்பொருளும் பொறுமையும் போதும். வருணனையோ எண்ணற்ற சிறு ஒலித்துணுக்குகளாகச் சிதறி, ஆட்டத்தின் நிகழ்வுகளோடு முடிச்சிடப்பட்டிருந்தது. அதனை மாற்றுவது ஒருவரால் எளிதில் ஆகும் வேலை அன்று.

விளைவு விந்தையானது. சேப்பாக்கம் என்று பெயரிடப்பட்ட மைதானத்தில் சென்னை அணி ஆட, ஓர் ஆங்கிலேயரும் ஓர் ஆஸ்திரேலியரும் அதை விவரிக்கின்றனர். மூலத்தில் ஒலியாகப் பதிவாகாத பெயரை அவர்களால் உச்சரிக்க இயலாது. எழுத்தில் மீட்கப்பட்ட பெயர், அதுவும் உரோம எழுத்தில், ஒலியில் மௌனமாகவே நிற்கிறது. பெனோ 2015 ஏப்ரலில் மறைந்தார். அதற்குப் பிந்தைய பருவத்து வீரர்கள் ஆடும் ஆட்டங்களையும் இக்கணினிகளில் அவரே வருணித்துக்கொண்டிருந்தார்.

இக்குறையைத் தொழில்நுட்பத் தடையாக மட்டும் கடந்துவிடுவது சரியன்று. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் வானொலியில் வளர்த்த தமிழ் வருணனை, மட்டையாட்டத்துக்கென்றே ஒரு சொல்வளத்தை உண்டாக்கி வைத்திருந்தது. அச்சொல்வளம் காதில் இருந்த தலைமுறைக்கும், திரையில் மாற்றத்தொகுப்பை நிறுவிய தலைமுறைக்கும் இடையில் பெரிய கால இடைவெளி இல்லை. ஆயினும் திருத்தும் ஆர்வம் கண்ணுக்குத் தெரிவதையே நாடியது. செவிக்குரியதை ஆங்கிலத்திடம் விட்டுக்கொடுத்தது. இம்மாற்றத்தொகுப்புகளை 'உள்ளூர்மயமாக்கம்' என்று கொண்டாடுவோர் இவ்வரம்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். அணி உள்ளூருக்கு வந்தது, மொழி வரவில்லை.

காலமும் படியும்

இணையத்தொடர்பற்ற கணினிக்கு அதற்கே உரிய காலம் உண்டு. சென்னை அணி 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் தடை செய்யப்பட்டு ஐ.பி.எல். போட்டிக்கு வெளியே நின்றது. 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு நிறுவப்பட்டு, புதியது வந்து சேராத கணினியில் அவ்வணி தடையின்றி ஆடியிருக்கும். மேலெழுதுவோர் வரவில்லை என்பதே அதற்குக் காரணம். இலக்கணத்தில் வழுவையும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்பர். தொகுப்பின் தேதியும் நாட்காட்டியின் தேதியும் பொருந்தாத இந்நிலையைக் கால வழுவமைதி எனக் கொள்வது மிகை ஆகாது. அங்கே பழமை என்பது பின்தங்கல் மட்டும் அன்று; சில வேளை தேர்வும்கூட.

பேணுதல் பற்றிய வினா இங்கிருந்துதான் எழுகிறது. இத்தொகுப்புகள் இணையத்தில் தங்கியிருந்த இடங்கள் நிலையற்றவை. மெகாஅப்லோட் 2012 ஜனவரியில் முடக்கப்பட்டது. ராபிட்ஷேர் 2015 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. அவ்வகைக் கோப்பேற்றத் தளங்களை நம்பி வைக்கப்பட்டவை அவற்றோடு மறைந்தன. எஞ்சியவை பெட்டியின் அடியில் கிடக்கும் மடிக்கணினிகளின் வன்தட்டுகளில் உள்ளன. தொடர்பு உள்ள இடத்தில் அழிந்தது தொடர்பற்ற இடத்தில் பிழைத்திருக்கிறது. பெயரொற்றுமை தற்செயலே எனினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாகச் சொல்லப்படும் பதிகங்களின் பெயரும் தேவாரமே. அங்கே காத்ததும் கெடுத்ததும் அதே பூட்டிய அறைதான்.

எனவே ஆய்வாளர் தேட வேண்டியது 'அசல் பேட்ச்' அன்று. ஒரு கணினியில் 2010இன் மைதானமும் 2013இன் சீருடையும் 2015இன் வீரர் பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கலாம். பட்டியலின் கடைசியில் உரிமையாளர் தம் பெயரையோ நண்பரின் பெயரையோ செருகியிருக்கலாம். அப்படிவு வேறெந்தக் கணினியிலும் அதே வடிவில் இராது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டது போல, பல வன்தட்டுகளை ஒப்பிட்டே இப்பனுவலின் வரலாற்றை எழுத முடியும்.

ஒப்பிடுவதற்கு உள்ள சான்று ஏட்டில் இருப்பதைவிட ஒருவகையில் வளமானது. விண்டோஸ் ஒவ்வொரு கோப்புக்கும் காட்டும் தேதிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. கோப்பைப் படியெடுக்கும்போது 'திருத்திய தேதி' பெரும்பாலும் மாறாமல் தொடர்கிறது. 'உருவாக்கிய தேதி' அப்படி அக்கணினிக்கு வந்த நாளைப் பெறுகிறது. முன்னது ஆக்கியவனின் நாள், பின்னது வந்துசேர்ந்த நாள். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தால், எங்கோ செய்யப்பட்ட ஒரு சீருடை தேவாரத்து வீடொன்றை எத்தனை மாதங்களில் எட்டியது என்பதைக் காணலாம். சுவடியின் இறுதிக் குறிப்பில் எழுதியவனின் பெயரும் நாளும் கிடைப்பதுண்டு. அது பயணம் செய்த காலம் அரிதாகவே கிடைக்கும்.

இச்சான்றும் எளிதில் கெடும். நெடுநாள் இயக்காத கணினியில் கடிகார மின்கலம் தீர்ந்து, நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அந்நிலையில் எழுதப்பட்ட கோப்புகளின் தேதிகள் பொய்யானவை. விளையாட்டைத் திறந்து ஓர் ஆட்டம் ஆடிச் சேமித்தாலே சில கோப்புகள் புதுத்தேதி பெற்றுவிடும். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் முதலில் நிகழ்வது வன்தட்டைத் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே. ஆகவே இத்தகைய கணினி ஒன்று கிடைக்குமாயின், அதனை இயக்காமல் வன்தட்டைக் கழற்றி, எழுதவியலாத நிலையில் வேறொரு கணினியோடு இணைத்து, முழுப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடிப் பார்ப்பதை அப்படியில் வைத்துக்கொள்ளலாம்.