மாசி மாதத்து மலைத்தடம்

சங்கரன்கோவில் கரிசலில் நின்று மேற்கே பார்த்தால், மாசி பிறந்ததும் மலை நிறம் மாறியிருக்கும். கார்த்திகைக் கரும்பச்சை போய் ஒரே பழுப்பு. “மலை காஞ்சுட்டு” என்பார்கள். மலையேற அதுதான் நல்ல காலம் என்பது என் கட்சி. மழைக்காலப் பசுமை புகைப்படத்துக்கு ஆகும். தடத்தை ரசிக்க ஆகாது.

வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறையில் தொடங்கும் சதுரகிரித் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட வந்த கால்களே போட்ட பாதை இது. ஓடை வடிந்து புதர் காய்ந்த பிறகுதான் அதன் புத்தி தெரியும். செங்குத்தில் நெட்டுக்கு ஏறாமல் குறுக்கே ஒதுங்குகிறது. ஓடையைக் கடக்கும்போது அகலமான, நீர் பரந்து ஆழம் குறைந்த இடமாகப் பார்த்துக் கடக்கிறது. தப்பான வழிகளை எத்தனையோ தலைமுறை நடந்து கழித்த மிச்சம் இது.

மாசியில் இது வழுக்காது என்று நினைப்பவர்கள் வழுக்குப்பாறைக்கு வரட்டும். மழையில் பாசி வழுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். இப்போது வழுக்குவது சருகு. லட்சம் பாதங்கள் தேய்த்து மெருகேற்றிய பாறைமேல் இலையுதிர்ந்து கிடக்கும். சரிவில் பொடிச்சரளை, உளுந்தைக் கொட்டிய தரை மாதிரி உருளும். அடிவாரத்துப் பளியர்கள் இதில் நடப்பதைப் பார்க்க வேண்டும். எட்டு சிறியது. குதிகால் முதலில் விழாது, பாதம் முழுவதும் ஒன்றாகப் பதியும். மெருகேறிய நடுப்பாறையை விட்டு, சொரசொரப்பான ஓரத்தைத் தேடும். இறக்கத்தில் பாதம் சற்றே பக்கவாட்டில் திரும்பும், முழங்கால் மடிந்தே இருக்கும். தலையில் சுமையோடும் இதே நடைதான். விலை உயர்ந்த ஷூ போட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார்கள். அதுவும் ஒரு முறைதான், குறை சொல்வதற்கில்லை.

காய்ந்த மலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். கீழே எரியும் சூடு மேலிருக்கும் புல்லை முன்னமே உலர்த்திப் பற்றத் தயாராக வைத்துவிடுகிறது. ஓடும் மனிதனை அது முந்திவிடும். எனவே வனத்துறை இந்த மாதங்களில் மலையேற்றத் தடங்களை மூடினால் முணுமுணுக்க வேண்டாம். சதுரகிரியும் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதுதான். தீ அபாயம் கூடினால் அங்கும் தடை வரும். விட்டால் விடியலில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். ஊற்றை நம்பாமல் தண்ணீர் சுமக்க வேண்டும்.

பாதை நெடுகப் படி கட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முதியவர்களை நினைத்தால் நியாயம்தான். ஆனால் படியில் ஏறுகிறவர் பாதையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார். அதற்குப் பழனி இருக்கிறது, ரோப்காரோடு.