எட்டில் ஒரு பங்கு

மண்ணூர்பேட்டையை ஒட்டிய அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துப் பட்டறைகளில் எஸ்.ஜி. அயர்ன் என்னும் வார்ப்பிரும்பைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அந்த வார்ப்பில் ஒரு துண்டை அறுத்து, முகம் தெரிய மெருகேற்றி, நைட்டால் என்னும் அமிலக் கரைசலைத் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். கருப்பு உருண்டையாகக் கிராஃபைட், அதைச் சுற்றி வெள்ளை வளையமாக ஃபெரைட், அதற்கும் வெளியே கருமையாகப் பெர்லைட். 'புல்ஸ் ஐ' என்பார்கள். பழைய வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடந்து விரிசலுக்கு வழிவிடும். கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்து அதை உருண்டையாக்கும் முறைக்குக் கீத் மில்லிஸும் கூட்டாளிகளும் 1949இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள்.

இந்த இரும்பை இழுத்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போடுபவர்களின் கைத்திறன்தான் என்னைச் சொக்க வைக்கிறது. ஒரு கனசதுரம், நடுவில் ஓர் உருண்டை. மூன்று திசையிலும் பாதிப் பாதியாக வெட்டினால் எட்டில் ஒரு பங்கே போதும். வெட்டுமுகத்துப் புள்ளிகள் முகத்தோடு வழுக்கலாம், முகத்துக்குக் குறுக்கே நகரக் கூடாது. இந்த ஒற்றை நிபந்தனைக்குள் மற்ற ஏழு பங்கும் கண்ணாடிப் பிம்பங்களாக அடங்கிவிடுகின்றன! ஒரே அச்சில் இழுத்தால் மூலைவிட்டத்திலும் வெட்டி 16இல் ஒன்றாக்கலாம். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் 48இல் ஒன்று. சறுக்கு விசை கொடுத்தாலோ இரண்டு முகங்களில் நிபந்தனையே தலைகீழ். குறுக்கே நகரலாம், வழுக்கக் கூடாது. என்ன சுமை என்று பார்த்துத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

தேர்ந்த கை இதோடு நிற்காது. உருண்டைகளை வரிசையாக அடுக்கிய பொருள் நேர்வாக்கில் ஒரு விறைப்பும் மூலைவாக்கில் வேறு விறைப்பும் காட்டும். உருண்டைகள் சிதறிக் கிடக்கும் வார்ப்பில் அந்தப் பேதம் இருக்காது. இன்னொன்று, பிம்பக் கணக்கில் ஒரு பங்கில் விரிசல் விட்டால் எட்டுப் பங்கிலும் அதே கணத்தில் விடும். இரும்பு அப்படி உடைவதில்லை. உருண்டைகள் நெருங்கிக் கிடக்கும் ஏதோ ஓரிடத்தில்தான் கிழிசல் தொடங்கும்.

அதனால் எனக்கு உசத்தியாகப் படுவது, பெட்டிக்குள் பல உருண்டைகளைத் தாறுமாறாகப் போட்டு, வலது ஓரத்தில் அறுபட்டதன் மீதியை இடது ஓரத்தில் வைக்கும் வித்தை. சேலைக்கு அச்சுக் குத்தும் கட்டைபோல ஓரத்தோடு ஓரம் பொருந்தும். எதிரெதிர் முகங்கள் ஒரே மாதிரி நெளிய வேண்டும் என்பது மட்டுமே இங்கே கட்டளை. கண்ணாடிப் பிம்பம் போய்விட்டது, மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பெட்டியின் எல்லையை எங்கே நகர்த்தி வைத்தாலும் விறைப்புக்கு வரும் விடை மாறாது.