பம்பர் சிராய்ப்பும் ஒரு கணக்கும்

ஜொகூரில் அப்பா நடத்தும் இன்சூரன்ஸ் கடைக்குள் நுழையும் பிள்ளைக்கு முதலில் பி.சி.இ. தேர்வு காத்திருக்கிறது. அதில் தேறி, முகவராகப் பதிந்த பிறகே பாலிசி விற்கலாம். கடைப் பாடம் அப்போதுதான் தொடங்கும்.

அதில் மிகவும் ரசிக்கத்தக்கது என்.சி.டி. கழிவு. இழப்பீடு கேட்காமல் ஓராண்டு ஓட்டிய காடிக்கு 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45, ஐந்தாண்டு ஆனால் 55. தன் தவறுக்குத் தன் பாலிசியில் ஒருமுறை கேட்டுவிட்டால் மொத்தமும் பூஜ்யம். அதனால் பம்பர் சிராய்ப்போடு பதறி வருபவரிடம் கைதேர்ந்த முகவர் உடனே பாரத்தை நீட்டமாட்டார். "பட்டறையில எவ்வளவு கேட்டாங்கண்ணே?" என்று விசாரித்து, கால்குலேட்டரைத் தட்டுவார். பல நேரம் கைக்காசு போட்டுச் சரிசெய்வதே லாபம். இப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் ஆள் மறுபடி வருகிறார்.

முன்கண்ணாடி வேறு கதை. அதற்கெனத் தனிக் காப்பு எடுத்திருந்தால், கல் தெறித்து உடைந்ததை மாற்றினாலும் கழிவு அசையாது.

விலையும் ஒரு பாடம்தான்: 2017 ஜூலையில் காப்புக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்தபின், ஒரே காடிக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுகிறது.

ஆனால் பெரிய வாத்தியார் வெள்ளம்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் வட்டாரம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் எல்லாம் அடக்கம் என்று நம்புவோர் ஏராளம். வழக்கமான பாலிசியில் வெள்ளம் சேராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதைக் கேட்காமல் கவர்நோட் அடிக்கும் பிள்ளையை அப்பா சும்மா விடமாட்டார்.