பம்பிள்பீ சிறு பொம்மை: வடிவமைப்பு மதிப்பீடு

பம்பிள்பீ என்பது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ வரிசையில் வெளியிட்ட கையடக்கப் பொம்மை. ஒரு நிலையில் கார். கைகால்களை இழுத்துவிட்டால் எந்திர மனிதன். கமுதி போன்ற ஊர்களில் டிரான்ஸ்பார்மர் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உறுமிக்கொண்டிருக்கும் மின்மாற்றிதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. பலூனும் ஊதலும் விற்கும் திருவிழாக் கடைகளில் இந்தப் பொம்மையின் வழிவந்த மலிவு நகல்களும் அட்டையில் ஒட்டித் தொங்குகின்றன. திருவிழாக் காசு பெரும்பாலும் ஒரு பொம்மைக்குத்தான் காணும் என்பதால், இவ்வகைப் பொம்மையில் எது நல்ல வடிவமைப்பு என்று தெரிந்திருப்பது வாங்கும் வீட்டுக்குப் பயன்படும்.

தோற்றம்

இப்பொம்மை அமெரிக்காவில் பிறந்ததல்ல. சப்பானின் டக்காரா நிறுவனம் 1980இல் ‘டயாக்ளோன்’, 1983இல் ‘மைக்ரோ சேஞ்ச்’ என இரு உருமாறும் பொம்மை வரிசைகளைக் கொண்டுவந்தது. ஹாஸ்ப்ரோ இவற்றின் உரிமத்தைப் பெற்று, புதுப் பெயர்களும் கதையும் சேர்த்துத் தன் வரிசையைத் தொடங்கியது. பம்பிள்பீ இவற்றுள் மைக்ரோ சேஞ்ச் வழியில் வந்தது.

அந்த வரிசையின் அடிப்படைக் கற்பனை கவனிக்கத்தக்கது. அதில் வரும் எந்திர மனிதர்கள் வீட்டுப் பொருள்களாக, அப்பொருள்களின் உண்மையான அளவிலேயே ஒளிந்திருப்பார்கள். ஒலிநாடாவாக மாறுபவன் ஒலிநாடா அளவில் இருப்பான். காராக மாறும் சிறியவனோ உண்மைக் காரின் உருவத்தை எடுப்பதில்லை. பொம்மைக் காரின் உருவத்தையே எடுக்கிறான். டக்காரா ‘சோரோ கியூ’ என்ற பெயரில் குட்டையும் தடிமனுமான பொம்மைக் கார்களை விற்றுவந்தது. பம்பிள்பீயின் வோக்ஸ்வாகன் பீட்டில் உருவம் அந்தப் பாணியில் அமைந்தது.

கார் வடிவம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பவருக்கு, நீளம் குறைந்து பருத்த இந்தக் கார் தவறாக வார்க்கப்பட்டதுபோல் தோன்றலாம். ஆனால் இது பொம்மைக் காராக வேடமிட்ட பொம்மை. பிள்ளையின் அலமாரியில் மற்ற கார்களோடு கலந்து நின்றால் வேறுபாடு தெரியாது. ஒளிந்துகொள்வதுதான் வேடத்தின் நோக்கம் என்றால், இதைவிடக் கச்சிதமான வேடம் பெரிய பொம்மைகளில் அரிது. ஹாஸ்ப்ரோவின் கதையில் இவன் சாலையில் ஓடும் முழு அளவுக் காராக ஆக்கப்பட்டபோதுதான் பொருத்தம் கெட்டது. லாரியாக மாறும் தலைவன் பொம்மைக்கு அருகில் இவனை நிறுத்தினால் கணக்கு உதைக்கும். அந்தப் பிழை கதைக்கு உரியது. வடிவத்தின் மேல் ஏற்றக் கூடாது.

உருமாற்றம்

பக்கங்களிலிருந்து கைகளை இழுத்து, கால்களை நீட்டி, தலையை வெளிக்கொணர்ந்தால் ஆள் எழுந்து நிற்கிறான். அவ்வளவுதான். கழற்றி மாட்டும் உறுப்பு இல்லை; காணாமற்போகத் துப்பாக்கியும் இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு முறை பார்த்தால் மூன்றாம் முறை தானே செய்துவிடும். செய்த பிறகு அந்த எந்திரம் முழுவதும் அதற்குப் புரிந்த ஒன்றாகிவிடுகிறது. இந்தப் பொம்மையின் முதன்மைச் சிறப்பாக இதையே சொல்ல வேண்டும்.

இரண்டாவது சிறப்பு சிக்கனம். உருமாறும் பொம்மையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: ஓர் உருவத்தில் வேலை செய்யும் உறுப்பு மற்றோர் உருவத்தில் என்ன செய்கிறது? பல பெரிய பொம்மைகளில் கார் முழுவதும் ஓடாகப் பிரிந்து, மனிதன் முதுகில் மூட்டையாகத் தொங்கும். உள்ளே ஒரு பொம்மை, வெளியே ஒரு பொம்மை. இரண்டையும் ஒட்டி ஒன்றின் விலைக்கு மேல் விற்பது அது. பம்பிள்பீயில் அப்படி மறைத்துவைக்க இடமே கிடையாது. காரின் உடலே மனிதனின் உடல்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. காகிதக் கப்பலைப் பிரித்து மடித்துக் கத்திக்கப்பல் ஆக்கும்போது எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. அதே தாள்தான் இரண்டுமாகிறது.

குறைகள்

மனித வடிவம் கார் வடிவத்தின் தரத்துக்கு வரவில்லை. முழங்கை, முழங்கால் கிடையாது. பள்ளிப் பாடநூலில் வரும் கீல் மூட்டு, பந்துக்கிண்ண மூட்டு ஆகியவற்றில் பின்னதன் சுதந்திரம் இதற்கு இல்லை; உட்காரவைக்கவோ ஓடுவதுபோல் நிறுத்தவோ முடியாது. முகம் இன்னொரு குறை. 1984இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் பம்பிள்பீக்கு மனிதச் சாயல் கொண்ட, நட்பான முகம். பொம்மையின் முகமோ வெறும் எந்திரம். தொடரைப் பார்த்துவிட்டு வாங்கிய பிள்ளை ஏமாந்திருக்கும். நிறத்திலும் குழப்பம் இருந்தது: மஞ்சள் பம்பிள்பீ சிவப்பிலும், அவனையொத்த சிவப்புக் கிளிஃப்ஜம்பர் மஞ்சளிலும் விற்கப்பட்டன.

பின்வந்தவை

2007ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பம்பிள்பீ செவர்லே கமாரோவானான். அப்படத்தை ஒட்டி வந்த பெரிய பொம்மைகளில் துண்டுகள் பெருகின; செய்முறைத் தாள் இல்லாமல் மாற்றுவது கடினமாயிற்று. பெரியவர்கள் சேகரிப்பதற்கு அவை நன்று. மறு கோடியில், ஒரே அசைவில் தானே மாறும் ‘ஒன் ஸ்டெப்’ வகை வந்தது. அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை. இரண்டு நாளில் சலித்துவிடும். 2018ஆம் ஆண்டின் ‘பம்பிள்பீ’ திரைப்படத்தில் அவன் மீண்டும் பீட்டில் ஆனது, பழைய வடிவத்தின் வலுவைக் காட்டுகிறது.

நகல்களும் சட்டமும்

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி விற்பனைக்கு வரும் பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோரின் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு துண்டுகளைக் கண்டறிய 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதனுள் முழுதாக அடங்கும் துண்டு அவ்வயதினருக்கு ஆகாது. கூர்முனை, ஈயம் போன்றவற்றுக்கும் வரம்பு உண்டு. உருமாறும் பொம்மையில் இச்சோதனை முக்கியம். ஏனெனில் இதில் முதலில் உடைவது மூட்டு. உடைந்தால் விழுவது சிறு துண்டு. பொம்மை நன்றாக மாறுகிறதா, ஒரு மாதம் தாங்குமா என்பதையெல்லாம் முத்திரை சொல்லாது. அதை வாங்குபவர் கடையிலேயே பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்க்கையில் மூட்டோரத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் தாங்கவில்லை என்று பொருள். கார் நிலையில் சக்கரம் நான்கும் தரையைத் தொட வேண்டும். பல நகல்கள் இந்தச் சாதாரணத் தேர்விலேயே தோற்றுவிடும். உருட்டினால் இழுபட்டுத்தான் நகரும்.

ஓடும் திறனில் மட்டும் பார்த்தால் அத்தகைய நகலைவிடக் கமுதிப் பக்கத்துப் பனங்காட்டின் நுங்கு வண்டி எவ்வளவோ மேல். நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு கூடுகளைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் செம்மண் தடத்திலும் ஓடும். அதுவும் எந்தக் காரின் நகலும் அன்று. கூடு காய்ந்து சுருங்கிப்போனால் பிள்ளைகள் புதிதாக இரண்டு கூடு பொறுக்கிக் கோத்துக்கொள்கிறார்கள். பம்பிள்பீயின் நகலில் மூட்டு முறிந்தால் மாற்று மூட்டு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.