‘ஓர் அடி முன்னே’: பலமும் குறையும்

ஐரோப்பிய மன்றம் 2002இல் வெளியிட்ட ‘காம்பஸ்’ மனித உரிமைக் கல்விக் கையேட்டில் ‘ஓர் அடி முன்னே’ என்றொரு நடவடிக்கை உண்டு. அனைத்துலக இளையர் பரிமாற்ற முகாமில் பாலினம், அடையாளம் பற்றிப் பேசத் தொடங்க ஏற்றது. ஆளுக்கோர் அட்டை, அதில் வேறொருவரின் வாழ்க்கை. வாசிக்கும் கூற்று அவருக்குப் பொருந்தினால் முன்னே நகரணும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கணும்.

தன் கதையைச் சொல்லாமலே பேசலாம் என்பது இதன் பலம். ஆனால் அட்டையில் இருப்பது ஓரிரு வரிதான். மீதியைக் கேட்டுப் பழகிய கிண்டலும் சினிமாவும் நிரப்பிவிடும். திருநங்கை என்றதும் நகராமல் நிற்கும் மாணவர், அவருடைய படிப்பையோ வேலையையோ யோசித்தாரா?

‘இவரைப் பற்றி இப்படி உங்களுக்கு யார் சொன்னது?’ என்று இறுதியில் கேளுங்கள். நேரம் போதாதபோது முதலில் விடுபடுவது அக்கேள்விதான். அது இல்லையென்றால், உடைக்க வந்த எண்ணமே உறுதிப்பட்டுவிடும்.