32 கட்டம், ஒரு குதிரை: தூப்புல் தேசிகனின் ஆட்டம்

செஸ் வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழைய பயிற்சி ஒன்று உண்டு. பலகையில் ஒரே ஒரு குதிரை. மிதித்த கட்டத்தை மறுபடி மிதிக்கக் கூடாது. ஆனால் எல்லாக் கட்டத்தையும் மிதித்தாக வேண்டும். ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் இதை முறைப்படி ஆராய்ந்தது 1759-இல். அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சுற்றை ஆடி, ஒவ்வொரு கட்டத்திலும் கவிதையின் ஓர் அசையை வைத்துக் காட்டினார் நம்மூர்க்காரர் ஒருவர். சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகன்தான் அவர்.

முதலில் ஆட்டக்காரரைப் பற்றி. பிறப்பு 1268, மறைவு 1369 என்பது மரபுக் கணக்கு. ஐந்து வயதில் மாமா அப்புள்ளாரோடு வைணவ ஆசாரியர் நடாதூர் அம்மாளின் காலட்சேபத்துக்குப் போன சிறுவன், பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று பெரியவருக்கே எடுத்துக் கொடுத்தான் என்பார்கள். செஸ்ஸுக்கு வேண்டிய முதல் மூலதனம் அந்த நினைவாற்றல்தான். பின்னாளில் வடமொழி, தமிழ், பிராகிருதம், மணிப்பிரவாளம் என்று நான்கிலும் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைத் தந்தார். கவிதார்க்கிக சிம்மம் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

களம் திருவரங்கம். ஒரே இரவில் ஆயிரம் பாட்டு பாட வேண்டும் என்பது போட்டி. அரங்கனின் பாதுகைகளையே பொருளாக எடுத்து 1008 சுலோகங்களை தேசிகன் முடித்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. 32 பத்ததிகள் கொண்ட பாதுகா சகஸ்ரம் அப்படிப் பிறந்தது. சன்னதித் தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு ராத்திரியின் வேகத்தைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைதான். ஆனால் ஆட்டத்தை அலசுகிறவன் பார்க்க வேண்டிய இடம் வேறு. அது முப்பதாவது பகுதியான சித்திர பத்ததியில், 929, 930 என்ற எண்ணுள்ள இரண்டு சுலோகங்களில் இருக்கிறது.

விதி இதுதான். அனுஷ்டுப் என்ற யாப்பில் அடிக்கு எட்டு அசை, மொத்தம் நான்கு அடி. ஆக 32 அசைகள். செஸ் பலகையில் சரிபாதி. முதல் சுலோகத்தை அடிக்கு ஒரு வரிசையாக, பலகையின் மேல் நான்கு வரிசைகளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி முதல் கட்டத்தில் குதிரையை நிறுத்தி, அது தாவும் வழியில் அசைகளைக் கூட்டிப் படித்தால் இரண்டாவது சுலோகம் வந்து நிற்க வேண்டும். நிற்கிறது.

நகர்த்தல்களை இன்றைய குறியீட்டில் தருகிறேன். முதல் பாதி: ஏ8, சி7, இ8, ஜி7, எச்5, எஃப்6, டி5, பி6, சி8, இ7, ஜி8, எச்6, எஃப்5, டி6, பி5, ஏ7. இரண்டாம் பாதி: சி6, ஏ5, பி7, டி8, இ6, ஜி5, எச்7, எஃப்8, ஜி6, எச்8, எஃப்7, இ5, டி7, பி8, ஏ6, சி5.

முதல் பாதியில் ஒழுங்கு கண்ணில் படும். மேல் இரண்டு வரிசைகளில் வலப்பக்கம் போய், கீழ் இரண்டு வரிசைகளில் இடப்பக்கம் திரும்பி வருகிறது குதிரை. இதே சுழற்சியை இரண்டு முறை செய்து ஏ7-இல் வந்து நிற்கும்போது சரியாக 16 கட்டம்; சுலோகத்திலும் சரியாகப் பாதி. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். மிச்சமிருக்கும் கட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, வழிகள் அடைபட்டுவிட்டன. இங்கேதான் கத்துக்குட்டிகள் மாட்டிக்கொள்வார்கள்.

மூலைகளைக் கவனியுங்கள். நான்கு வரிசைப் பலகையின் மூலைக் கட்டத்துக்கு வாசல் இரண்டே இரண்டு. எச்8-க்குள் ஜி6 வழியாகப் போனால் எஃப்7 வழியாகத்தான் வெளியே வர முடியும். ஏ5-க்கு சி6-உம் பி7-உம். இந்த இரண்டு மூலைகளையும் முதல் பாதியில் தொடாமல், வாசல்கள் நான்கையும் திறந்தே வைத்திருந்து, பின்பாதியில் நுழைந்து வெளியேறுகிறார். முதல் தாவலிலேயே முப்பதாவது தாவல் கணக்கில் இருந்திருக்கிறது.

கடைசிக் கட்டம் சி5. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மூடிய சுற்று நான்கு வரிசைப் பலகையில் முடியவே முடியாது என்பதைப் பிற்காலக் கணிதம் நிறுவியிருக்கிறது. ஆனால் சி5-இலிருந்து ஒரே தாவலில் ஏ4-க்குப் போகலாம். அங்கிருந்து இதே சுற்றைக் கீழ்ப் பாதியில் திரும்ப ஆடினால் 64 கட்டமும் நிரம்பி, குதிரை சி1-இல் நிற்கும். பலகை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒரு கட்டம் தப்பாது.

இதோடு யாப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்5-இல் உள்ள அசை முதல் பாட்டில் கடைசி அசை. அங்கே குறிலோ நெடிலோ எதுவும் வரலாம். இரண்டாம் பாட்டில் அதுவே ஐந்தாம் அசையாகிறது. அந்த இடத்தில் பொதுவாகக் குறில்தான் வர வேண்டும். அதனால் அங்கே குறிலையே வைத்திருக்கிறார். இப்படி ஒவ்வோர் அசையும் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒரே தறியில் பிரிக்க முடியாமல் பூட்டிக்கொள்வதைப் போன்ற வேலை இது. சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் தேசிகன் என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தம் காவ்யாலங்காரத்தில் குதிரைச் சுற்றுப் பாட்டு எழுதியிருக்கிறார். அதில் குதிரை வழியாகப் படித்தாலும் அதே பாட்டுதான் வரும். ஒரு சில அசைகளையே திரும்பத் திரும்ப வைத்தால் அது கைகூடும். தேசிகனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேறொரு பாட்டு வர வேண்டும், அதற்கும் பொருள் வேண்டும், அந்தப் பொருளும் பாதுகையைப் பற்றியே இருக்க வேண்டும். என் தீர்ப்பில் தேசிகனின் ஆட்டம் ஒரு படி அல்ல, பல படி மேல்.

மேல்நாட்டில் இந்த ஆசை இருபதாம் நூற்றாண்டிலும் விடவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக் 1978-இல் வெளியிட்ட பெரிய நாவலை, பத்துக்குப் பத்துப் பலகையில் ஓடும் குதிரைச் சுற்றின்படி அமைத்தார். அவர் இருந்த ஊலிப்போ குழுவில் அமெரிக்கக் கவிஞர் ஹாரி மாத்யூஸும் ஓர் உறுப்பினர். விதியைக் கடுமையாக்கிக்கொண்டு எழுதுவது அவர்களுடைய பந்தயம். தேசிகனையும் அமெரிக்கா அறியாமல் இல்லை. ஸ்வார்த்மோர் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டீவன் ஹாப்கின்ஸ் அவருடைய தோத்திரங்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். நாம்தான் அவரைச் சன்னதியோடு நிறுத்திவிட்டோம்.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யைச் சின்னமாக வைத்துக் கொண்டாடினோம். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு நடக்கும் காலம் இது. காஞ்சிப் பயிற்சியாளர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். புரட்டாசித் திருவோணத்தில் தூப்புலில் தேசிகன் உற்சவம் நடக்கும்போது, பிள்ளைகளுக்கு ஒரு குதிரைச் சுற்றுப் போட்டி வையுங்கள். மேலே கொடுத்த 32 கட்டங்களையும் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். வெளியூர் மேதைகளின் ஆட்டங்களை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், சொந்த ஊர்க்காரரின் இந்த ஆட்டத்தையும் ஒரு முறை ஆடிப் பார்க்கட்டும்.